பெத்தாயி பேரில்

ஜூன் 4, 2018, திங்கள்

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இருபத்திரண்டு வருடம் ஆயாவாக இருந்தேன். எத்தனை பிள்ளை வந்தது, எதற்குச் சளி, பால் திரிந்ததா என்று தினம் ஒரு பக்கம் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். வேலை முடிந்து பத்து வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்தாள். பெயர் மிருணாளினி. கூடலூர் மழையில் கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு, கணுக்காலில் இரண்டு அட்டையோடு படியில் நின்றாள். உப்புப் போட்டு அட்டையை எடுத்துவிட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன்.

“நீங்கதானே பெத்தாயி அம்மா? சிலோன்ல பெரியபாலத் தோட்டம்?”

“ரேஷன் கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு.”

இலங்கை மலையக எழுத்தாளர் பனிமலைக் கதிர் எழுதிய ‘ஏழாம் நம்பர் மலை’ என்ற நாவலை அவள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறாளாம். வெளிநாட்டில் அச்சாகப் போகிறதாம். அதில் பெத்தாயி என்று ஒருத்தி வருகிறாளாம். இங்கே அரசாங்கத் தோட்டத்தில் குடியேறியவர்கள் பட்டியலில் அதே பெயர், அதே தோட்டம். கண்டுபிடித்துவிட்டாள்.

“அந்தப் பெத்தாயி என்னா பண்றா கதையில?” என்று கேட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “அவங்க போயிடுவாங்கம்மா. எல்லாரும் போராட்டத்துல நிக்கிறப்ப, பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு இந்தியாவுக்கு.”

இருபத்து மூன்றாம் தேதி அவள் கல்லூரியில் கருத்தரங்கு. எழுத்தாளரும் வருகிறார். ‘பின்காலனிய இலக்கியத்தில் அடையாளம்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. நான் மேடையில் வந்து பெத்தாயியின் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வேண்டுமாம். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 5, செவ்வாய்

முழுவதும் படித்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்துவிட்டது.

அயோக்கியப் பயல். முப்பத்து மூன்று வருடமாக எனக்கு ஒரு பிரதி அனுப்பாமல், கேட்டபோதெல்லாம் “அச்சுத் தீந்து போச்சு” என்று ஏமாற்றியவன். இப்போதுதானே தெரிகிறது ஏன் என்று.

கதையில் அங்கம்மாதான் கதாநாயகி. கொழுந்து பறிக்கிறவள். பறித்த நிறை குறைந்தால் துரை பாதிநாள் கூலிதான் போடுவான். அதற்கு அரைப்பேர் என்று சொல்வோம். அரைப்பேர் போடக்கூடாது என்று அங்கம்மா பெண்களைச் சேர்க்கிறாள். கொழுந்தை நிறுக்க விடாமல் ஏழாம் நம்பர் மலையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். போலீஸ் வருகிறது. அங்கம்மா கூடையோடு சாய்கிறாள். அவள் இரத்தம் தேயிலைத் தூருக்கு எருவாகிறது என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறான். தோட்டத்தில் இருந்த யாருக்கும் இப்படி எழுத வராது. அங்கே எல்லோரும் ஓடினார்கள். செருப்பில்லாத காலோடு ஓடினார்கள்.

அதே காலையில் பெத்தாயி லாரியில் ஏறிப் போகிறாள். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோணல் பல்காரி, காரியக்காரி, துரைக்குக் கோள் சொல்கிறவள்.

பெத்தாயியின் பல்வரிசை எவ்வளவு அழகு! அவள் யார் மீதும் கோள் சொன்னதில்லை. தனக்கு வரவேண்டியதையே வாய்விட்டுக் கேட்கத் தெரியாது அவளுக்கு.

ஜூன் 7, வியாழன்

கூரை மறுபடி ஒழுகுகிறது. மகன் குணசீலன் தார்ப்பாய் போட்டான். தோட்டத்து ஃபாக்டரியில் லாரி ஓட்டுகிறான். தாயகம் திரும்பியோர் குடும்பம் என்பதால் கிடைத்த வேலை. இந்த வீடும் அப்படித்தான். “என்னம்மா ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?” என்றான். பல்வலி என்றேன்.

ஜூன் 8, வெள்ளி

குணசீலன் லோடு ஏற்றிப் போனதும் இலங்கையில் அட்டனுக்குப் போன் போட்டேன். எழுத்தாளர் எடுத்தார்.

“அக்கா, நல்லா இருக்கியா?”

ஆமாம், அக்கா. பனிமலைக் கதிர் என் கூடப்பிறந்த தம்பி கதிர்வேல். இந்த நோட்டுக்கும் பயந்து பயந்து நாற்பத்தெட்டு வருடம் ஓட்டியாயிற்று. இனி எழுதிவிடுகிறேன். நான் பெத்தாயி இல்லை. நான் அங்கம்மா. புத்தகத்தில் செத்துப்போன அங்கம்மா.

பெத்தாயிக்குத் தாய் தகப்பன் கிடையாது. எங்கள் லயத்து வரிசை வீட்டில் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தாள். அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பாஸ்போர்ட் வந்தவர்களின் பெயரைத் தோட்டத்து ஆள்கணக்குப் பதிவான செக்ரோலில் வெட்டிவிடுவார்கள். கப்பலுக்கோ இன்னும் மூன்று வாரம். பேர் வெட்டினவளுக்கு வேலையில்லை, அரிசியில்லை. அதனால் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் அவர்கள் பேரில் பெத்தாயி மலைக்குப் போவாள். கூலியைப் பேர்க்காரி வாங்கி அவளிடம் கொடுப்பாள். எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறதுதான். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். பெத்தாயி என் பேரில் போனாள். சுட்டது அவளைத்தான். போலீஸ் பிணத்தை எடுத்துப்போய் அவர்களே புதைத்துவிட்டார்கள். செக்ரோலைப் பார்த்து அங்கம்மா என்று எழுதிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் கணக்கப்பிள்ளைக்கு வேலை போகும், என்னை ஜெயிலில் போடுவார்கள். லயமே வாயை மூடிக்கொண்டது. அம்மா வாசலில் என்னை நினைத்து ஒப்பாரி வைத்தாள். நான் உள்ளே விறகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பெத்தாயியின் பாஸ்போர்ட்டில் நான் கப்பலேறினேன். மண்டபம் முகாமில் அதிகாரி படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாச் சிலோன்காரிக்கும் ஒரே முகம்தான் போலிருக்கிறது.

“புத்தகம் படிச்சேன்டா,” என்றேன் போனில்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “நேர்ல பேசிக்குவோம்க்கா. அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத. ஒன் வீடு, குணா வேலை, எல்லாம் போயிரும்” என்றான்.

ஜூன் 12, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவனிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 14, வியாழன்

மிருணாளினி போன் செய்தாள். அவள் நல்ல பெண்தான். அதனால்தான் எரிச்சல் அதிகமாக வருகிறது. “அகதியா வந்தப்போ உங்க மனநிலை எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்கிறாள்.

அகதி! அங்கே இருந்தவரை இந்தியாக்காரி, கள்ளத்தோணி. இங்கே வந்தால் சிலோன்காரி. சண்டை முற்றினால் அகதி. பேப்பரில் தாயகம் திரும்பியோர். நான் பிறந்ததே அங்கேதான். பார்த்தேயிராத ஊருக்கு எப்படியம்மா திரும்புவது? வெள்ளைக்காரன் எங்களைக் கப்பலில் ஏற்றி இறக்கினான். அவன் போனபிறகு இரண்டு நாட்டு ராசாக்களும் உட்கார்ந்து ஆளுக்கு இத்தனை லட்சம் என்று ஆட்டுக்குட்டி மாதிரிப் பிரித்துக்கொண்டார்கள். இப்போது படித்தவர்கள் வந்து அடையாளம் என்ன என்று கேட்கிறார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். “அருமைம்மா, இத அப்படியே மேடையில சொல்லுங்க” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 16, சனி

குணசீலனிடம் சொல்லிவிட்டேன். அவன் அப்பா முகாமில் என்னைக் கட்டியபோதே தெரிந்துகொண்டவர். சாகும்வரை மூச்சு விட்டதில்லை. மகனுக்குத் தெரியாது. கதிர்வேல் ஊர்க்கார மாமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். பிறகு தட்டைத் தள்ளினான்.

“அப்ப நான் யாரு மவன்? சர்டிபிகேட்டு பூரா பெத்தாயி மவன்னு கெடக்கு.”

“என் மவன்தான்டா.”

“அது போதாதும்மா! நாளைக்கு எவனாச்சும் ஆள்மாறாட்டம்னு எழுதிப் போட்டா, இந்த வீட்ட விட்டு எறங்கணும். எனக்கு ரிட்டயருக்கு இன்னும் பதிமூணு வருசம் இருக்கு, வெரட்டுறவன் கணக்குப் பாப்பானா? ஒரு கதைப் பொஸ்தகத்துல ஒரு பேரு தப்பா வந்தா ஒனக்கென்ன?”

எனக்கென்ன என்கிறான். இந்தப் பேரில் கஞ்சி குடித்தேன், இந்தப் பேரில் தாலி கட்டிக்கொண்டேன், இந்தப் பேரில் அவனைப் பெற்றேன். அவள் பேரைத் தின்றே வளர்ந்த குடும்பம் இது. அவளை ஓடுகாலி என்று உலகம் பூராவும் படிக்கப் போகிறது. எனக்கென்ன!

இதை அவனிடம் சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்தேன்.

ஜூன் 17, ஞாயிறு

குணசீலன் பேசவில்லை.

ஜூன் 21, வியாழன்

கதிர்வேல் வந்துவிட்டான். கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். தலை பூராவும் நரைத்து, தோளில் ஜோல்னாப் பை. ஒரு நிமிடம் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. அழவில்லை. புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டேன்.

“பெத்தாயிய ஏன்டா ஓடுகாலி ஆக்குன?”

“கவர்மெண்டு பேப்பர்ல பெத்தாயி இந்தியா போயிருக்காக்கா. அவள கதையிலயும் அனுப்பியாகணும். அப்பத்தான் யாரும் தோண்ட மாட்டாங்க. ஒன்னையக் காப்பாத்தத்தான் எழுதினேன்.”

“அனுப்புறது சரி. கோணப் பல்லு எதுக்கு? கோள் சொல்றது எதுக்கு? அதுவும் என்னையக் காப்பாத்தவா?”

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். சின்ன வயதில் கோபம் வந்தால் பார்க்கிற அதே பார்வை.

“போனது யாருக்கா?”

நான் புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“எனக்கு அப்ப பதினேழு வயசு. நீ லாரியில ஏறுன. அம்மா பின்னாடியே ஓடி வந்து பாலத்துக்கிட்ட விழுந்துச்சு. நீ திரும்பிப் பாக்கல. அதுக்கப்புறம் ஆறு வருசம் அம்மா படுக்கையில கெடந்துச்சு. நான்தான் அள்ளிப் போட்டேன். போனவளத்தான் நான் எழுதியிருக்கேன். அந்தப் பெத்தாயி நீதான். செத்த அங்கம்மா, நீ எப்படி இருந்திருக்கணும்னு நான் ஆசப்பட்டேனோ அது.”

திரும்பிப் பார்த்தால் போலீஸுக்கு முகம் தெரிந்துவிடும் என்று நீதானேடா சொல்லி அனுப்பினாய் என்று கத்தினேன். கடையில் எல்லோரும் பார்த்தார்கள். என் மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்ட வேண்டியதுதானே? கேட்க ஆளில்லாதவள் தலையில் ஏன் வைத்தாய்? துரை எங்களுக்குச் செய்ததும் அதுதானே, கேட்க நாதியில்லை என்றுதானே செய்தான்?

“அக்கா, இது என் வாழ்நாள் உழைப்பு. இங்கிலீசுல வருது. நம்ம சனத்தப் பத்தி ஒலகம் மொத மொத படிக்கப் போவுது. கெடுத்துராத” என்றான்.

நம்ம சனமாம். பெத்தாயி எந்தச் சனத்தில் சேர்த்தி என்று கேட்டேன்.

ஜூன் 23, சனி

கல்லூரியில் பெரிய ஹால். மேடைக்குப் பின்னால் தலையில் கூடைக் கயிறும் நெற்றியில் இரத்தமுமாக ஒரு பெண்ணின் படம். அதுதான் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையாம். கீழே ‘அங்கம்மா’. அந்த முகம் நானும் இல்லை, பெத்தாயியும் இல்லை. சினிமாக்காரி மாதிரி இருந்தாள்.

என் கூடப்பிறந்தவன் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, “வணக்கம் அம்மா” என்றான்.

மூன்று பேர் பேசினார்கள். விளிம்புநிலை என்றார்கள், காலனியம் என்றார்கள், குரலற்றவர்களின் குரல் என்றார்கள். குரலற்றவள் நான் மூன்றாவது நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மிருணாளினி மைக்கை என்னிடம் நீட்டினாள். “பெத்தாயி அம்மா, நாவல்ல உங்களக் கோழையா காட்டியிருக்காங்க. நீங்க ஏன் போனீங்க?”

“பெத்தாயி எங்கயும் போகல,” என்றேன். “அவ ஏழாம் நம்பர் மலையிலயே செத்துட்டா. சுட்டது அவளத்தான். இந்த அங்கம்மா நாந்தான். உசுரோடதான் இருக்கேன்.”

தம்பி பக்கத்து மைக்கை இழுத்தான். “அம்மாவுக்கு வயசாயிடுச்சு. பழைய துயரம், நினைவு கொஞ்சம் தடுமாறுது. நாம மன்னிக்கணும்” என்றான். கைதட்டினார்கள். அவனுக்குக் கைதட்டினார்கள்!

“டேய் கதிரு!” என்று கத்தினேன். “ஒனக்கு மூக்குச் சிந்தி விட்டு, இடுப்புல தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவடா நான். என்னையவே பைத்தியக்காரிங்கிறியா? எழுந்து நின்னு சொல்லு, நான் யாருன்னு.”

அவன் எழுந்திருக்கவில்லை. ஆனால் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அதைப் பார்த்து எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். “அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க பாட்டி?” என்று கேட்டாள். வீட்டில் வயிற்று வலி என்றேன்.

ஜூன் 24, ஞாயிறு

காலையிலேயே மிருணாளினி வந்துவிட்டாள். கண்ணெல்லாம் வெளிச்சம். அவள் ராத்திரி தூங்கவில்லையாம்.

“அம்மா, இது நாவலவிடப் பெரிய கதை. பதிப்பாளர்கிட்ட பேசிட்டேன், துள்ளிக் குதிக்கிறாங்க. முன்னுரைய மாத்தப் போறோம். செத்ததா நெனச்ச போராளி அங்கம்மா உயிரோட இருக்காங்க! உங்க படத்த அட்டையில போடறோம்.”

“பெத்தாயி?”

“அவங்களப் பத்தியும் கண்டிப்பா ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம்மா.”

அடிக்குறிப்பு. உயிரோடிருந்தபோது கடைசிக் காம்பரா, செத்த பிறகு அடிக்குறிப்பு. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடுங்கி வாசலில் வீசினேன். பாவம், அவள் பயந்துபோனாள். அவள் மேல் என்ன தப்பு? நான் சொன்ன கதையில் கதாநாயகி நான்தானே. தம்பி எழுதினாலும் அவள் எழுதினாலும் நான்தான் போராளி. அப்படித்தானே நானும் சொல்லிக்கொண்டு வருகிறேன்? இந்த நோட்டில் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன். நேற்று வயிற்று வலி என்றேன். இரண்டும் பொய்.

அவளை உட்காரச் சொல்லி எல்லாம் சொன்னேன். உடம்புக்கு ஒன்றுமில்லை எனக்கு. முதல் நாள் சாயங்காலம் கணக்கப்பிள்ளை வந்து, “அங்கம்மா, நாளைக்கு போலீஸ் வருது, ஒன்னையத்தான் குறி வச்சிருக்கானுக” என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்களையெல்லாம் கூட்டி உசுப்பிவிட்டவள் நான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விடியற்காலை பெத்தாயியிடம் போய், உடம்பு சரியில்லை, என் பேரில் மலைக்குப் போ என்றேன். போலீஸ் வருவதைச் சொல்லவில்லை. அன்றைக்கு வேலை கிடைத்ததே என்று அவளுக்குச் சந்தோஷம். என் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு போனாள். போலீஸ்காரன் “அங்கம்மா யாரு?” என்று கேட்டபோது அவள் எழுந்து நின்றதாகச் சொன்னார்கள். செக்ரோலில் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

மிருணாளினி அழுதாள். ரிக்கார்டரை எப்போதோ நிறுத்தியிருந்தாள். “இத போடட்டுமா, வேண்டாமாம்மா?” என்று கேட்டாள்.

“போடு. ஆனா என் படம் வேண்டாம். கதிரு எழுதினது அப்படியே இருக்கட்டும், அது அவன் பாடு. முன்னாடி ஒரு பக்கம், நான் சொன்னத நான் சொன்ன மாதிரியே போடு. மேல பெத்தாயி பேரு மட்டும்.”

ஜூன் 28, வியாழன்

கதிர்வேல் ஊருக்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஒரு பக்கத்துக்குச் சம்மதம் என்று மிருணாளினிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அவனை இன்னும் மன்னிக்க முடியவில்லை. அவனுக்கும் என்னை முடியாது. இருக்கட்டும்.

ஜூலை 2, திங்கள்

தாலுகா ஆபீசுக்குப் போகிறேன் என்று குணசீலனிடம் சொன்னேன். பதினைந்து நாளாகப் பேசாதவன் ஒன்றும் சொல்லாமல் பைக்கை எடுத்தான். கொட்டுகிற மழையில் கொண்டுபோய் விட்டான். வெளியில் நிற்பான் என்று நினைத்தேன். கூடவே உள்ளே வந்தான்.

கிளார்க்கு என் மகன் வயசுக்காரர். மனுவைப் பாதி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“பெத்தாயிங்கிற பேர்ல இறப்பு பதியணுமா? எப்ப செத்தாங்க?”

“எழுவதுல. சிலோன்ல.”

“அத இங்க பதிய முடியாதும்மா. அந்த நாட்டுல போய்க் கேளுங்க.”

“அங்க அவ பேரு இல்லீங்க சார். இங்கதான் இருக்கு. ரேஷன் கார்டுல, ஓட்டர் லிஸ்டுல, எல்லாத்துலயும் இருக்கு.”

அவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். மறுபடி மனுவைப் பார்த்தார். “அப்ப இத்தன வருசமா இந்தப் பேர்ல இருந்தது யாரு?” என்றார்.

“நான்தான். அதையும் எழுதியிருக்கேன், ரெண்டாவது பக்கம் பாருங்க.”

“இது எங்க கொண்டுபோய் விடும்னு தெரியுதா உங்களுக்கு?” என்று அவர் குணசீலனைப் பார்த்துக் கேட்டார். குணசீலன், “அம்மா சொல்றத வாங்கிக்கங்க சார்” என்றான்.

அவர் பெருமூச்சு விட்டு மனுவை என் பக்கம் திருப்பினார். “கையெழுத்துப் போடலியேம்மா.”

பேனாவை வாங்கினேன். நாற்பத்தெட்டு வருடம் பழகின விரல் ‘பெ’ என்று ஆரம்பித்துவிட்டது. அடித்துவிட்டு, அங்கம்மா என்று எழுதினேன்.